ஜூன் மாசத்துல நின்னுபோன கிரகங்கள்

கம்ப்யூட்டருக்கு முன்னால கற்பூரம் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

பையைக் கீழ வெச்சதும் நான் செஞ்ச மொதல் வேலை, அதை ஊதி அணைச்சதுதான். மானிட்டரோட அடிப்பக்கம் பிளாஸ்டிக் ஏற்கெனவே பழுப்பேறிப் போயிருந்துச்சு. இன்னும் நாலு அமாவாசைக்கு இப்படிக் காட்டியிருந்தா உருகி ஒழுகியிருக்கும்.

"அய்யய்யோ, கற்பூரத்தை வாயில ஊதி அணைக்கறியே கண்ணு!"ன்னு பதறுனாரு கடைக்காரர் பொன்னுரங்கம்.

"ஏனுங்க, இது சாமி இல்லீங்க. பழைய கம்ப்யூட்டருங்க"ன்னேன்.

சோளக்காட்டுச் சந்தைக்கு எதுத்தாப்புல ஒத்தை ரூமு அது. வெளிய 'கம்ப்யூட்டர் ஜாதக நிலையம்'னு போர்டு. உள்ள ஊதுபத்திப் புகை, ஈரக் கோணிப்பை நாத்தம், சந்தையில இருந்து வர்ற பலாப்பழ வாசம் எல்லாம் சேந்து மூச்சு முட்டுச்சு.

வாசப்படிக்கு வெளிய, தூறல்ல, ஒரு பொண்ணு நனைஞ்சுக்கிட்டு நின்னா. "உள்ள வந்து நில்லும்மா"ன்னேன்.

"வேண்டாங்கக்கா. நான் உள்ள வந்தா அது நின்னு போயிருமாம்" அப்படின்னா.

அவதான் அலமேலு. அன்னைக்கு நான் மலையேறி வந்ததே அவளுக்காகத்தான்.

ஜாதகமே பாக்காத ஊட்டுப் பொண்ணு

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில எடுத்தவங்களுக்காக ரெண்டு வார்த்தை. அடிவாரத்துல சேந்தமங்கலம் எங்க ஊரு. அத்தா கொல்லிமலை மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விக்கிற யாவாரி. நான் பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் படிச்சுட்டு நாமக்கல்ல ஒரு சர்வீஸ் கடையில வேலைக்கு இருந்தேன். ஸ்க்ரூ டிரைவரோட ஒரு பொண்ணு பஸ் ஏறுனா, பக்கத்து சீட்டுக்காரம்மா "எங்க ஊட்டு மிக்ஸி ஓட மாட்டேங்குது, எறங்கறப்ப ஒரு எட்டு பாத்துட்டுப் போயேன்"னு கேக்குற காலம்.

அலமேலுவோட அப்பா சடையன் அரியூர் நாட்டுக்காரர்; மலையில சில ஊருங்க சேந்தா அது ஒரு நாடு. மரவள்ளியும் மிளகும் போட்டிருந்தாரு. மிளகு மூட்டையோட அத்தா கடைக்கு வந்தவரு, மூட்டையை எறக்கறதுக்கு முன்னாலயே வெசனத்தை எறக்கிட்டாரு.

"பாய், உங்க பொண்ணு அந்தப் பொட்டி வேலைதானுங்களே பாக்குது? எம்புள்ள பேரைப் போட்டா அது நின்னு போகுதுங்க. ஒருக்கா வந்து பாக்கச் சொல்லுங்க."

நடந்தது இதுதான். அலமேலுவைக் குண்டூர் நாட்டுல ராசுன்னு ஒரு ஜீப் டிரைவருக்குப் பேசியிருந்தாங்க. பையனோட அம்மா நல்லம்மா, பொருத்தம் பாக்கணும்னு ரெண்டு பேர் விவரத்தையும் எடுத்துக்கிட்டு பொன்னுரங்கம் கடைக்கு வந்தாங்க. ராசு பேரைப் போட்டா ஜாதகம் சரசரன்னு வந்துச்சு. அலமேலு பேரைப் போட்டா கம்ப்யூட்டர் அப்படியே நின்னு போச்சு. அணைச்சு அணைச்சுப் போட்டாலும் அதே கதை. பொன்னுரங்கம் கண்ணை மூடி, விரலை மடக்கி, "பொண்ணுக்கு ஏதோ கடுமையான தோஷம் இருக்குதுங்க. மிசினே தாங்க மாட்டேங்குது"ன்னுட்டாரு.

நல்லம்மா எந்திரிச்சு நேரா சந்தைக்குள்ள போனாங்க. வாழைத்தார் ஏலம் போற எடத்துல நின்னுக்கிட்டு, கேட்டவங்களுக்கும் கேக்காதவங்களுக்கும் சேத்துச் சொன்னாங்க: "பேரைப் போட்டதுக்கே பொட்டி நின்னு போச்சு. அவ காலெடுத்து வெச்சா எங்க ஊடு நிக்குமா?"

சந்தையில சொன்ன பேச்சு மலை பூராவும் போயிருச்சு. முன்னால அலமேலுவைக் கேட்டு ஆள் விட்ட ஊட்டுக்காரங்க எல்லாம் வாயை மூடிக்கிட்டாங்க. ஒரு நாள் பஸ் கொண்டை ஊசி வளைவுல என்ஜின் சூடாகி நின்னப்ப, முன் சீட்டுல இருந்த ஒரு அம்மா திரும்பி அவளைப் பாத்துச்சாம். ஒண்ணும் சொல்லலையாம், சும்மா பாத்துச்சாம்.

ராசு மட்டும், இன்னொருக்கா போட்டுப் பாக்கலாம்னு சொல்லியிருந்தான். அன்னைக்கு மத்தியானம் அவங்க திரும்ப வரணும். அதுக்குள்ள நான் அதைச் சரி பண்ணணும். மறுபடியும் நின்னா, இந்த மலையில எம்புள்ளைக்கு ஒரு வாசலும் தொறக்காதுன்னு சடையன் முடிவே கட்டிட்டாரு.

எங்க ஊட்டுல ஜாதகம் பாக்குற வழக்கமே கெடையாது. இருந்தும் ஊருல உள்ளவங்க கிரகத்தை ரிப்பேர் பண்ண என்னையத்தான் அனுப்புறாங்க. என்ன கொடுமையோ போங்க.

பொட்டிக்குப் பண்ணுன மரியாதை

அந்தக் காலத்துல கம்ப்யூட்டருக்கு ஜனங்க காட்டுன பக்திய எழுதுனா தனி புத்தகமே போடலாம். ஒரு ரைஸ் மில் மொதலாளி, குளுகுளு ரூம்ல அதை வெச்சு, வாசல்ல செருப்பக் கழட்டச் சொல்லி, கணக்குப்பிள்ளையை மட்டும் வெளிய வேர்க்க விட்டாரு. அந்த ஏசி காத்துக்கு எலி வந்து பொட்டிக்குள்ளயே குட்டி போட்டுருச்சு. ஒரு பள்ளிக்கூடத்துல பட்டுத்துணி போத்தி மூடி, சுதந்திர தினத்துக்கு மட்டும் தொறந்து காட்டுவாங்க. "ஓடுதுங்களா?"ன்னு கேட்டதுக்கு, "ஓட்டுனா கெட்டுப் போயிருமேங்க"ன்னாரு ஹெட் மாஸ்டர்.

நம்ம ஆளுங்க மட்டும் சளைச்சவங்களா? எங்க மாமி, நான் வீட்டுக்குக் கொண்டு வந்த கம்ப்யூட்டருக்குக் கண்ணு பட்டிருக்கும்னு ஓதுன தண்ணியைக் கொண்டாந்து கீபோர்டு மேலயே தெளிச்சாங்க. கண்ணேறு போச்சான்னு தெரியல, பாதி எழுத்து போச்சு.

இதுல ரெண்டாயிரமாம் வருசம் பொறந்தா உலகத்துல உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் நின்னு போகும்னு பேப்பர்க்காரங்க வேற பீதியைக் கெளப்பிக்கிட்டு இருந்தாங்க. உலகத்துக்கு அது வரவே இல்ல. அலமேலுவுக்கு மட்டும் முன்கூட்டியே வந்துருச்சு.

மொத்த கிளாசுக்கும் ஒரே பொறந்த நாள்

சரி, வேலைக்கு வாரேன். பொன்னுரங்கத்தைப் போட்டுக் காட்டச் சொன்னேன். அலமேலு பேரு, பொறந்த தேதி, நேரம். ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி, ஒத்தை விரல்ல குத்துனாரு. கடைசியா எண்டர். திரையில கட்டம் பாதி வரைஞ்சுது. அப்படியே நின்னு போச்சு. கீபோர்டுல எதை அமுக்குனாலும் அசையல.

"பாத்தியா கண்ணு? ராகு புடிச்சு நிறுத்திப் போடறான்"ன்னாரு.

நான் ராகுவை விட்டுட்டு என் பொறந்த தேதியைப் போட்டேன். ஜம்முனு ஓடுச்சு. எனக்கு அரசாங்க உத்தியோகமும் நாலு சக்கர வாகனமும் உண்டுன்னு வந்துச்சு. நான் பஸ்ஸுல நின்னுக்கிட்டு வந்தவ. அத்தா பொறந்த வருசம் ஓடுச்சு, சடையனுக்குக் குத்துமதிப்பாப் போட்ட வருசமும் ஓடுச்சு. அலமேலு பொறந்த வருசத்துக்கு மட்டும் நின்னுச்சு. அதுலயும் ஜனவரியில ஒரு தேதி போட்டா ஓடுச்சு, ஏப்ரல் ஓடுச்சு, ஜூன் போட்டா நின்னுச்சு, தீபாவளிக்குப் போட்டாலும் நின்னுச்சு.

அப்பவே எனக்குப் பாதி புரிஞ்சு போச்சு. இந்த மாதிரி ஜாதக சாஃப்ட்வேர்ல, கிரகம் எந்த நாள் எங்க இருந்துச்சுங்கற கணக்கு வருசத்துக்கு ஒரு பைலா இருக்கும். திறந்து பாத்தேன். எல்லா வருசத்துப் பைலும் ஒரே அளவுல இருந்துச்சு. அந்த வருசத்து பைல் மட்டும் பாதிதான் இருந்துச்சு. மே மாசத்தோட அந்தப் பொட்டிக்குள்ள சூரியன், சந்திரன், சனி எல்லாரும் காலி. ஜூன் மாசத்துக் கிரகத்தைத் தேடிப் போன சாஃப்ட்வேர், அங்க ஒண்ணுமே இல்லாம முழிச்சுக்கிட்டு நின்னு போச்சு.

சுவத்தோரமா நின்ன சடையன்கிட்டக் கேட்டேன். "ஏனுங்க, அலமேலு ஜூன் மாசம் ஒண்ணாந்தேதியா பொறந்துச்சு?"

"இல்லீங்க அம்மிணி. சாமை அறுப்புல பொறந்துச்சுங்க. நல்லாக் குளுரு அடிச்ச காலம்."

"அப்ப இந்த ஜூன் ஒண்ணு?"

"அது பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப வாத்தியார் எழுதுனதுங்க. அன்னைக்கு வந்த புள்ளைங்க எல்லாத்துக்கும் அதையே எழுதிப் போட்டாரு."

நேரம் எப்படித் தெரியும்னு பொன்னுரங்கத்தைப் பாத்தேன். "எல்லாருக்கும் காலைல ஆறு மணி போட்டுருவேனுங்க. நல்ல நேரம்"ன்னாரு. கூச்சமே இல்ல அந்த மனுசனுக்கு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இந்த மலைக்காரங்க அதுவரைக்கும் ஜாதகத்தைப் பொட்டலம் கட்டக்கூடத் தொட்டதில்ல. பொண்ணைப் பாத்தாங்க, ஊட்டைப் பாத்தாங்க, ஊர்க் கவுண்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாங்க, கல்யாணத்தை முடிச்சாங்க. கீழ நாட்டுக்காரன் கம்ப்யூட்டர்ல பாக்கறானாமேன்னு கேட்டுட்டு இவங்களும் கெளம்பிட்டாங்க. வாத்தியார் குடுத்த தேதிக்கு, கடைக்காரர் குடுத்த நேரத்துக்கு, பாதி பைலை வெச்சுப் பாத்த ஜாதகம் இது. இதுக்கு ஒரு தோஷம் வேற!

கேள்வி கேட்டா ஒரு எழுத்து

பைல் எப்படிப் பாதியாச்சு? சாஃப்ட்வேர் வந்த ஃப்ளாப்பிகளைக் கேட்டேன். பொன்னுரங்கம் சாமி படத்துக்குப் பின்னால இருந்து பயபக்தியா எடுத்துக் குடுத்தாரு.

ஒவ்வொண்ணுலயும் சந்தனம், அதுக்கு மேல குங்குமம். ஆயுத பூஜைக்கு வெச்சதாம். நாலாவது ஃப்ளாப்பியில பொட்டு கொஞ்சம் தாராளமா விழுந்திருக்கு. தகரத் தகட்டை ஒதுக்கிப் பாத்தேன். உள்ள இருக்குற கறுப்புத் தட்டு மேல செவப்பா ஒரு கோடு.

"பூஜை முடிஞ்சப்புறந்தான் கம்ப்யூட்டர்ல ஏத்துனீங்களா?"

"பின்ன? பூஜை போடாம ஏத்துவாங்களா?"

"ஏத்தறப்ப நடுவுல ஏதாவது கேட்டுச்சுங்களா?"

"இங்கிலீசுல என்னமோ கேட்டுச்சு. எனக்கென்ன தெரியும்? கேள்வி கேட்டா ஏதாவது ஒரு எழுத்தை அமுக்குவேன், போயிரும். திரும்பக் கேட்டுச்சு, வேற எழுத்தை அமுக்குனேன். அப்புறம் அதுவா போயிருச்சு."

அவ்வளவுதான் சமாச்சாரம். படிக்க முடியல, என்ன பண்றதுன்னு அது கேட்டிருக்கு. பரவால்ல விட்டுத் தள்ளுன்னு இவரு அமுக்கியிருக்காரு. கிடைச்ச வரைக்கும் எழுதிக்கிட்டு மீதியை அது விட்டுருச்சு. அவரு விட்டுத் தள்ளுனது ஒரு பொண்ணோட கல்யாணத்தைன்னு அவருக்கு எங்க தெரியும்?

"உங்க குங்குமந்தானுங்க தோஷம்"னு மூஞ்சிக்கு நேராவே சொன்னேன். "குங்குமத்தைக் குத்தம் சொல்லாத கண்ணு"ன்னாரு. "குங்குமத்தைச் சொல்லலீங்க. உங்க விரலைச் சொல்றேன்"னேன். வெளிய நின்ன அலமேலு, முந்தானையால வாயை மூடிக்கிட்டுத் திரும்பிக்கிட்டா.

மருந்துக்கடையில ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கியாரச் சொன்னேன். தகட்டை ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டு, தட்டை விரலால மெல்லத் திருப்பித் திருப்பி, குங்குமம் பஞ்சுல வர்ற வரைக்கும் ஒத்தி ஒத்தி எடுத்தேன். வேகமாத் தேச்சா கீறல் விழும், அப்புறம் அந்த வருசத்துக்குக் கிரகமே கிடையாது. காய வெச்சு, டிரைவுல போட்டு அந்த ஒரு பைலை மட்டும் காப்பி பண்ணச் சொன்னேன். கர்ருன்னு இழுத்துச்சு, முக்குச்சு, நின்னுச்சு. திரும்பப் படிக்கட்டுமான்னு கேட்டுச்சு. படின்னேன். மறுபடியும் முக்குச்சு. படி சாமி, படின்னு கெஞ்சிக்கிட்டே அமுக்குனேன். கடைசியில முழு பைலும் வந்துருச்சு. ஆனா அதை உடனே பழைய பைல் மேல போடாம, பக்கத்துல தனியா வெச்சுக்கிட்டேன். எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்துச்சு.

கரண்டு கம்மி

சாப்பாட்டு நேரம் தாண்டி ராசுவோட ஜீப் வந்து நின்னுச்சு. நல்லம்மா எறங்குனாங்க. கூடவே அவங்க மக பூங்கொடி, இடுப்புல கொழு கொழுன்னு ஒரு பையனோட. ராசு ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே அலமேலுவைப் பாத்தான், அப்புறம் அவங்கம்மாவைப் பாத்தான், அப்புறம் தரையைப் பாத்தான்.

"அந்தப் புள்ள வெளியவே நிக்கட்டும்"ன்னாங்க நல்லம்மா.

"நிக்கட்டுங்க"ன்னேன். "மொதல்ல வேற யாரு பேராச்சும் போட்டுப் பாப்போம். உங்க மக எங்க படிச்சாங்க?"

"நானும் அலமேலுவும் ஒரே ஆஸ்டலுங்க, ஒரே கிளாசு"ன்னா பூங்கொடி.

"பொறந்த தேதி?"

"ஜூன் ஒண்ணுங்க."

வருசமும் அதேதான், வேற எப்படி இருக்கும்? ஒரே வாத்தியார்தான எழுதுனாரு. பழைய பாதி பைல் அப்படியே இருக்க, பூங்கொடின்னு பேரை அடிச்சு, தேதியை அடிச்சு, பொன்னுரங்கத்தோட காலைல ஆறு மணியையும் அடிச்சு எண்டரைத் தட்டுனேன். கட்டம் பாதி வந்துச்சு. நின்னு போச்சு.

 பூங்கொடி புருசன், புள்ளை, மாமியார், மாமனார்னு நெறைஞ்சு வாழற பொண்ணு. அவ ஊட்டுக்குள்ள போன பொறகுதான் அந்த ஊட்டுல பசுமாடே வாங்குனாங்கன்னு நல்லம்மாவே சந்தைக்குச் சந்தை சொல்லிக்கிட்டு இருந்தவங்க.

நல்லம்மா மேல பல்பைப் பாத்தாங்க. "கரண்டு கம்மியா இருக்குமுங்க"ன்னாங்க.

"இருக்கும், இருக்கும்"ன்னாரு பொன்னுரங்கம்.

நான் முழு பைலைப் பழசு மேல போட்டேன். வெளிய பாத்து, "அலமேலு, உள்ள வா. வந்து உம்பேரை நீயே அடி"ன்னேன். வந்தா. ஈரக் கையைப் பாவாடையில தொடச்சுட்டு ஒவ்வொரு எழுத்தா அடிச்சா. எண்டரைத் தட்டுனா. கட்டம் முழுசா வந்துச்சு. பிரிண்டர் கிறீச் கிறீச்சுன்னு கத்திக்கிட்டுப் பக்கம் பக்கமாத் தள்ளுச்சு.  சடையன் சுவத்துல சாஞ்சு கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு.

பொருத்தமும் பாத்தாச்சு. முக்கால்வாசி பொருந்துச்சு. பொன்னுரங்கம் அதைத் தானே பொருத்தி வெச்ச மாதிரி தலையை ஆட்டுனாரு.

"சரி, அப்பறமென்ன? நல்ல நாள் பாத்துருவோம்"ன்னாங்க நல்லம்மா.

அலமேலு அவங்களையே பாத்துக்கிட்டு நின்னா. "எம்பேருக்கு நின்னா தோஷம். உங்க மக பேருக்கு நின்னா கரண்டு கம்மி. அப்படித்தானுங்களே?"

"அட, அதான் சரியாயிருச்சே கண்ணு. இன்னும் என்ன?"

"பொட்டி சரியாயிருச்சுங்க. எம்பேரு இன்னும் சரியாகலீங்க. அதை நீங்க சந்தையில நின்னுதான கெடுத்தீங்க? இந்த ரூமுக்குள்ள வெச்சுச் சரி பண்ணுனா யாருக்குத் தெரியும்? சந்தைக்கு வந்து சொல்லுங்க."

நல்லம்மா மூஞ்சி சுருங்கிப் போச்சு. வாசப்படிக்கு வந்து நின்ன ராசு மொதத் தடவையா வாயைத் தொறந்தான். "போயிச் சொல்லும்மா"ன்னான்.

லேகியக்காரரோட மைக்

அன்னைக்குச் சந்தை நாள்தான். வாழைத்தார் எடத்துக்குப் பக்கத்துல லேகியம் விக்கிறவர் ஒருத்தர், மூட்டுவலிக்கு மைக்குல கத்திக்கிட்டு இருந்தாரு. அலமேலு நேராப் போயி, "ஒரு நிமிசம் குடுங்கண்ணா"ன்னு மைக்கை வாங்கி நல்லம்மா கையில குடுத்தா. மைக்குல பேசணும்னு யாரும் எதிர்பாக்கல. நல்லம்மா திரும்பி எங்களைப் பாத்தாங்க. நாங்க எல்லாரும் நின்னுக்கிட்டு இருந்தோம். தப்பிக்க வழியில்ல.

"அதாவதுங்க..."ன்னு ஆரம்பிச்சாங்க. ஸ்பீக்கர் கொய்ங்குன்னுச்சு. "சடையன் மக மேல ஒரு குத்தமும் இல்லீங்க. பொட்டிக்குள்ளதான் என்னமோ பைலு கெட்டுப் போச்சாமுங்க. பொன்னுரங்கம் குங்குமத்தைக் கொட்டிப் போட்டாருங்க. எம்மக பேருக்கும் நின்னு போச்சுங்க."

அன்னாசிப்பழம் வெட்டிக்கிட்டு இருந்தவங்க வெட்டறதை நிறுத்திட்டாங்க. யாரோ சிரிச்சாங்க. அப்புறம் சந்தையே சிரிச்சுது. பொன்னுரங்கம் கடைக் கதவை இழுத்துச் சாத்துற சத்தம் அந்தச் சிரிப்புலயும் கேட்டுச்சு.

அலமேலு ரெண்டு கையையும் கூப்புனா. "ரொம்ப சந்தோசமுங்க. இனி எங்கப்பா தைரியமா வேற எடத்துல மாப்பிள்ளை பாப்பாரு."

மைக் இன்னும் நல்லம்மா கையிலயே இருந்துச்சு. அந்த வார்த்தையும் மலை பூராக் கேட்டுருச்சு.

நல்லம்மா மைக்கை லேகியப் பாட்டிலுங்க மேலயே போட்டுட்டு ஜீப்பைப் பாக்க நடந்தாங்க. ராசு மட்டும் அங்கயே நின்னான். "நான்தானுங்க இன்னொருக்கா போட்டுப் பாக்கலாம்னு சொன்னேன்"னு அலமேலுகிட்டப் பாவமாச் சொன்னான்.

"ஆமாங்க. போட்டுப் பாக்கலாம்னுதான் சொன்னீங்க. நின்னாலும் பரவால்ல, கட்டிக்கறேன்னு சொல்லலீங்களே"ன்னுட்டு, அவ அப்பாவைக் கூப்புட்டுக்கிட்டு அரியூர் பஸ்ஸுக்குப் போயிட்டா. பஸ்ஸுல அன்னைக்கு யாரும் அவளைத் திரும்பிப் பாக்கலையான்னா, எல்லாருந்தான் பாத்தாங்களாம். அவளும் திருப்பிப் பாத்தாளாம்.

நான் பையைத் தூக்கிக்கிட்டு அடிவாரத்து பஸ்ஸுக்கு நின்னேன். ராசு பின்னாலயே வந்தான்.

"அக்கா, இதையும் எப்படியாச்சும் சரி பண்ணிக் குடுக்க முடியுங்களா?"

"பைலா இருந்தா தொடச்சுக் கிடச்சு எடுத்துக் குடுத்திருப்பேன் சாமி"ன்னேன். "கெட்டது உங்கம்மா வாயி. நீ அதைக் கேட்டுக்கிட்டுச் சும்மா நின்ன பாரு, அதுக்கு என்கிட்டப் பஞ்சு இல்ல."